படலைக்கு வந்த சைக்கிள்

என் மகளுக்குப் பதினாறு வயது. பள்ளியில் பதினோராம் ஆண்டு. கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு வரலாறு எடுத்தாள் என்பதற்காக எங்கள் ஆட்கள் செத்தவீட்டுக்கு வருவதுபோல் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். "பிள்ளைக்குக் கெமிஸ்ட்ரி ஏறேல்லையோ?" என்று மெல்பேர்ணில் டண்டினொங் தமிழ்க் கடை வாசலில் ஒரு அன்ரி குரலைத் தாழ்த்திக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் வாங்கப் போன கறிவேப்பிலையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது யோசித்தால் அவள் கெமிஸ்ட்ரியே படித்திருக்கலாம் போலிருக்கிறது. நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இந்தப் பள்ளித் தவணையில் அவர்களுக்குப் பாடம் நாஸிகள் ஆண்ட காலத்து ஜெர்மனி. படிப்பதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து கொட்டுவாள். போரும் வதைமுகாமும் எனக்கும் ஓரளவு தெரிந்தவைதான். அவள் சொன்னவை வேறு. குளிர்காலத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லா வீட்டிலும் ஒரே பானைச் சமையல்தான் சாப்பிட வேண்டும். அதில் மிச்சம் பிடித்ததை வாங்க உண்டியலோடு ஆள் வீட்டு வாசலுக்கு வருவான். யார் வீட்டில் கொடி ஏறவில்லை, யார் வணக்கத்துக்குக் கை தூக்கவில்லை, யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார் என்று பார்த்துச் சொல்லத் தெருவுக்கு ஒருவர் இருந்தார். வீட்டில் தாய் தகப்பன் கதைத்ததைப் பிள்ளைகளே வெளியில் போய்ச் சொன்னார்கள். "இமாஜின் பண்ணிப் பாருங்கோ அம்மா, பக்கத்து வீட்டு ஆளுக்கே பயப்பிடுறது!" என்பாள்.

எனக்கு இமாஜின் பண்ணத் தேவை இருக்கவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆமியின் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்தோம். எங்களுக்காகப் போராடிய இயக்கத்துக்குப் பயந்து, பங்கருக்குள்ளும் மெதுவாகத்தான் கதைத்தோம். முதல் பயத்தைப் பற்றி மெல்பேர்ணில் எத்தனையோ மேடைகளில் பேசிவிட்டோம். இரண்டாவதைக் குசினிக்குள்கூடப் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. தலைப்பு, அந்தக் காலத்துச் சாதாரண மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பது. முடிந்தால் சொந்தக் குடும்பத்தின் கதை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அதற்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம், நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது லாப்டொப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

ஒரு புகைப்படம். ஏதோ ஒரு சின்ன ஜெர்மன் ஊர். நடுத்தெருவில் கதிரைகள், மேசைகள், ஒரு அலுமாரி, சுருட்டிய கம்பளம். ஊரைவிட்டு அனுப்பப்பட்ட யூதக் குடும்பங்களின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்திருக்கின்றன. கோட் போட்ட பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். ஒருத்தி அலுமாரியின் லாச்சியை இழுத்து, அது இறுகுகிறதா என்று பார்க்கிறாள். ஸ்பிரிங்வேலில் பழைய சாமான் கடைக்குப் போனால் நானும் அப்படித்தான் இழுத்துப் பார்ப்பேன்.

"பாருங்கோ, ஷொப்பிங் மாதிரி!" என்று மகள் முகத்தைச் சுளித்தாள். "எப்பிடி அம்மா ஏலும்? அவையளுக்கு அந்த ஆக்களைத் தெரியும்!"

 அவள் கடைசிப் படத்துக்குப் போனாள். அதை அவளே வரைந்திருந்தாள். மெரூன் நிறத்தில் ஒரு லேடீஸ் சைக்கிள், கரியரில் ஒரு பெண், ஹாண்டிலில் தொங்கும் பைகள், மேலே மழை. கீழே ஆங்கிலத்தில் மூன்று வரி. அங்கே யூதர்கள். இலங்கையில் நாங்கள். இந்தச் சைக்கிள் என் குடும்பத்தைக் காப்பாற்றியது.

அந்தச் சைக்கிள் எங்கள் குடும்பத்தில் ஒரு குலதெய்வம். தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்கி, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே நாளில் இடம்பெயர்ந்தபோது, நடக்க மாட்டாத அம்மாவைக் கரியரில் இருத்தி, அரிசியையும் பாத்திரத்தையும் ஹாண்டிலில் கொழுவி, அப்பாவும் அண்ணாவும் நானும் மாறிமாறித் தள்ளிக்கொண்டு, ஊரைவிட்டு வெளியேறும் வழியில் இருந்த நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினோம். சனம் நெருக்கியடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நகர்ந்தது. அத்தனையும் உண்மை. அம்மாவின் கால் வீங்கியதும், மழைத் தண்ணீரைக் குடையில் ஏந்திக் குடித்ததும் உண்மை. சிட்னியில் இருக்கும் என் அண்ணா ஒவ்வொரு டிசம்பரும் நத்தார் விடுமுறைக்கு வந்து இந்தக் கதையைச் சொல்லுவார். சைக்கிளின் நிறத்தையும் அவர்தான் மகளுக்குச் சொல்லியிருக்கிறார்.

"நல்லா இருக்கோ அம்மா?"

"நல்லா இருக்குப் பிள்ளை" என்றேன். அவள் போனபிறகு ஏற்கனவே கழுவிய மீனை இன்னும் இரண்டு தரம் கழுவினேன்.

மறுநாள் காலை அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். அவர் ஹெலன்ஸ்பர்க் கோவிலுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் தேவாரம் கேட்டது. என் குரலைக் கேட்டதும் குறைத்தார்.

"அண்ணா, பிள்ளை பள்ளிக்கூடத்தில சைக்கிள் கதையைச் சொல்லப் போறாள்."

"சொல்லட்டும்! நல்ல விசயம்தானே. வெள்ளைக்காரப் பிள்ளையளும் அறியட்டும்."

"அது ஆரின்ர சைக்கிள் எண்டு சொல்லாமலோ?"

கார் இண்டிகேற்றர் அடிக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா காசு குடுத்து வாங்கினது" என்றார்.

"அண்ணா!"

"இப்ப ஏன் இந்தக் கதை? முப்பத்தைஞ்சு வருசமாச்சு. அது இல்லாட்டி அம்மாவைப் பாலம் கடத்தியிருப்பமே? எங்கட ஊத்தையை ஏன் மற்றவனுக்கு முன்னால வைச்சுக் கழுவுறாய்? எங்களுக்கு நடந்ததைக் கேக்கவே இஞ்ச ஆள் இல்லை. இதையும் சொன்னியெண்டால் பிறகு இதை மட்டும்தான் கேப்பாங்கள். நான் கோவிலடிக்கு வந்திட்டன், பிறகு கதைக்கிறன்."

அவர் கடைசியாகச் சொன்னது வெறும் சாட்டு இல்லை.  போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் நடந்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்துத் திரும்ப அடுக்கினேன். இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்த என் கணவர், சத்தத்துக்கு எழும்பி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பப் போய்ப் படுத்தார். கெட்டிக்காரன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு, ஒக்டோபர் மாதக் கடைசி. எனக்குப் பதின்மூன்று வயது. காலையில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் எங்கள் பக்கமாகப் போனது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று இயக்கம் சொல்லிவிட்டது. உடுப்போடும் கையில் கொஞ்சக் காசோடும் போகலாம். தமிழ் ஆட்கள் அவர்களுக்காகச் சாமான் எதையும் பொறுப்பேற்று வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்லப்பட்டது.

அடுத்த தெருவில் ஒரு முஸ்லிம் பிள்ளை இருந்தாள். நாங்கள் இருவரும் ஒரே டியூசனுக்குப் போனோம். கணக்கில் புலி. அவளைப் பார்த்துத்தான் நான் அல்ஜிப்ரா எழுதினேன். கொழும்பில் இருந்து அவளுடைய மாமா கொண்டுவந்து கொடுத்த மெரூன் நிறச் சைக்கிள் அவளிடம் இருந்தது. பெற்றோலே கிடைக்காத அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள்தான் கார், லொறி, அம்புலன்ஸ் எல்லாம். டியூசன் முற்றத்தில் எனக்கு ஒரு ரவுண்ட் ஓடத் தருவாள். உண்மையைச் சொன்னால், எனக்கு அவளைவிட அந்தச் சைக்கிளில்தான் கண்.

அன்று மத்தியானம் அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வாசல் படலைக்கு வந்தாள். என் பெயரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டாள். "சைக்கிளை மட்டும் வைச்சிருக்கிறியா? நான் வந்து எடுக்கிறன்" என்றாள். நான் யன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். "திறக்காதே" என்று அப்பா பின்னால் நின்று சொன்னார். "வைச்சிருக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டாங்கள்." யன்னல் திரைச்சீலை அசைந்ததை அவள் கண்டிருக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள். போகிற வழியில் தடை போட்டுச் சோதித்து, சைக்கிள், நகை, ரேடியோ எல்லாவற்றையும் இயக்கப் பொடியள் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று பின்னேரம் ஊரெல்லாம் கதைத்தார்கள்.

சில மாதத்துக்குப் பிறகு அந்தச் சாமான்களை இயக்கமே விற்பனைக்கு விட்டது. எங்கள் ஆட்கள் போய்ப் பார்த்தார்கள், பேரம் பேசினார்கள், வாங்கினார்கள். ஒரு நாள் அப்பா வேலையால் வரும்போது மெரூன் நிறச் சைக்கிளோடு வந்தார். பின் மட்காட்டில் அவள் ஒட்டியிருந்த பூ ஸ்டிக்கரை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள், பசையின் அடையாளம் அப்படியே இருந்தது. பொறுப்பேற்று வைத்திருக்கப் பயந்த அப்பாவுக்குக் காசு கொடுத்து வாங்கப் பயம் இருக்கவில்லை, ஏனென்றால் அதற்கு அனுமதி இருந்தது. "நாங்கள் எடுக்காட்டி வேற ஆரும் எடுக்கத்தான் போகினம்" என்றார். அம்மா உள்ளே போனார். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாள் அதில்தான் டியூசனுக்குப் போனேன்.

அப்பா கெட்ட மனிதர் இல்லை. அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்து ஒரு சதம் லஞ்சம் வாங்காமல் ஓய்வு பெற்றவர். இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அந்தப் புகைப்படத்தில் நிற்கும் பெண்களின் பிள்ளைகளும் தங்கள் தாய்மாரைப் பற்றி இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஜெர்மனியில் நடந்ததும் எங்கள் ஊரில் நடந்ததும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அங்கே அனுப்பப்பட்டவர்களைக் கொன்றார்கள். என் சிநேகிதி புத்தளம் பக்கத்து அகதி முகாமில் உயிரோடு இருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் மேலே இருந்தவர்கள் செய்தது வேறாக இருந்தாலும், கீழே அலுமாரி லாச்சியை இழுத்துப் பார்க்கிற கை ஒரே கைதான்.

திங்களும் செவ்வாயும் புதனும் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. நான் டண்டினொங்கில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். ஸ்கானரால் பெட்டியைச் சுட்டு, சரியான தட்டில் வைப்பதுதான் வேலை. அந்த வாரம் நான் ஆஸ்துமா மருந்துகளைச் சர்க்கரை மருந்துத் தட்டில் வைத்தேன். சூப்பர்வைசர் வந்து, "ஆர் யூ ஓகே?" என்று கேட்டான். "ஓகே" என்றேன். பத்து நிமிடத்தில் திரும்பவும் பிழை விட்டேன். வீட்டுக்கு வந்தால் மகள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகுவது கேட்கும். 'திஸ் பைசிக்கிள்' என்று வரும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவாள். அழகாகத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அப்படி முடிந்தால், அந்தப் பொய்யைச் சொன்னவள் என் மகளாக இருப்பாள். எனக்காக அவள் சொல்லுவாள், அதுவும் தெரியாமல். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் முக்கியமான கதையெல்லாம் காருக்குள்தான் நடக்கும். மகள் எல் பலகை போட்டுக் கார் பழகுகிறாள். நூற்றிருபது மணித்தியாலம் பழகிக் கணக்குக் காட்டினால்தான் சோதனைக்குப் போகலாம். ஆகவே எங்கே போனாலும் அவள்தான் ஓட்டுவாள். நான் பக்கத்தில் இருந்து இல்லாத பிரேக்கை மிதிப்பேன். வியாழக்கிழமை பின்னேரம் ஸ்பிரிங்வேலில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பினோம். வீட்டுக்குப் போய், காரை நிறுத்தி, இஞ்சித் தேத்தண்ணி போட்டு, ஆறுதலாகச் சொல்லுவோம் என்றுதான் திட்டம். சிவப்பு விளக்கில் நின்றபோது வாய் தானாகத் திறந்தது.

"அந்தச் சைக்கிள் எங்கடை இல்லை."

"வொட்?"

"பச்சை விழுந்திட்டுது, எடு, எடு!"

அவள் எடுத்து, அடுத்த தெருவுக்குள் திருப்பி, ஒரு டயர்க் கடைக்கு முன்னால் கோணலாக நிறுத்தினாள். எஞ்சினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். படலை, யன்னல், அப்பா சொன்னது, விற்பனை, பசை அடையாளம்.  முடிந்ததும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்த ஊரில் யாராவது மாட்டேன் என்று சொன்னார்களா?

இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தது என்பதுதானே நாங்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டு நிற்கிற கயிறு.

"ஒருத்தர் இருந்தார்" என்றேன். "எங்கட தெருவில ஒரு தையல்காரர். பக்கத்து வீட்டு முஸ்லிம் ஆக்களின்ர காணி உறுதிப் பத்திரத்தையும் நகையையும் அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்தவர். சண்டை நிண்டு பாதை திறந்தாப் பிறகு அவை வந்து கேக்க, ஒண்டும் குறையாமல் திருப்பிக் குடுத்தவராம்."

"அப்ப ஏலும்" என்றாள் மகள்.

"ஓம். ஏலும்."

'நீங்கள் அப்ப சின்னப் பிள்ளைதானே அம்மா' என்று அவள் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். டண்டினொங்கில் எந்த அன்ரியைக் கேட்டாலும் தேத்தண்ணியோடு அந்த வசனத்தையும் தந்திருப்பார். மகள் சொல்லவில்லை. எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. பெற்று வளர்த்தவளுக்கு ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று இருந்தது. அவளைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாயை இறுக்கி வைத்திருந்தாள்.

"வேணுமெண்டால் அந்தக் கடைசி ஸ்லைடை எடுத்துவிடு" என்றேன். "மிச்சம் நல்லாத்தானே இருக்கு."

"இல்லை. அதுதான் மெயின்." கொஞ்சம் யோசித்தாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் எண்டு சொல்லட்டே? உங்களை எண்டு சொல்லாமல்?"

எனக்கு அந்த வழி மிகவும் பிடித்திருந்தது. யாரோ ஒரு ஆள். எங்கேயோ ஒரு ஊர். டயர்க் கடைக்காரன் வெளியே வந்து, நாங்கள் ஏன் அவன் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறோம் என்று பார்த்தான். நான் அவனுக்குக் கையைக் காட்டினேன்.

"அம்மா எண்டே சொல்லு" என்றேன்.  "ஆனா பாலத்தையும் சொல்லு. அந்தச் சைக்கிள்தான் அம்மம்மாவைக் காப்பாற்றினது. அதுவும் பொய்யில்லை."

"ரெண்டையும் சொல்லுறன்."

அவள் காரை எடுக்கும்போது பின்னால் பார்க்காமல் எடுத்தாள். நான் கத்தினேன். அவளும் திருப்பிக் கத்தினாள். வீடு வரும்வரை இருவரும் வழக்கம்போல் சண்டை பிடித்துக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அண்ணாவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். 'எல்லாத்தையும் சொல்லப் போறாள். நான்தான் சொல்லச் சொன்னனான்.' அவர் வாசித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. இதை எழுதும்வரைக்கும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு முடிந்து வீட்டுக்கு வந்து, யன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் துடைத்தேன். நாலு மணிக்கு மகள் வந்தாள். பையைக் கதிரையில் எறிந்துவிட்டு, நின்றபடியே குளிர்ந்த சோற்றில் குழம்பை ஊற்றிச் சாப்பிடத் தொடங்கினாள். நான் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"எப்பிடிப் போச்சுது?"

"ஓகே."

"ஓகே எண்டால்?"

வகுப்பு அமைதியாக இருந்தது என்றாள். ஆசிரியை நன்றி சொன்னாராம். பிறகு கேள்வி கேட்கலாம் என்று விட்டபோது, ஒரேயொரு பிள்ளை கை தூக்கினாளாம். ஆப்கானிஸ்தானில் இருந்து வந்த குடும்பம். வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவளாம்.

"என்ன கேட்டவள்?"

மகள் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சைக்கிளை ஓடேக்குள்ள உன்ர அம்மாவுக்குச் சந்தோசமா இருந்ததோ எண்டு கேட்டவள். எனக்குத் தெரியாது, அம்மாட்டைக் கேட்டுச் சொல்லுறன் எண்டு சொன்னனான்."

அது யுத்த காலம், எல்லாருக்கும் பயம், எனக்கு வேறு வழி இருக்கவில்லை, அவளை நினைக்காத நாளே இல்லை. சொல்ல எத்தனையோ இருந்தது.  மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவள் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"ஓம்" என்றேன். "சரியான சந்தோசம். ஒரு கிழமைக்குள்ள ரெண்டு கையையும் விட்டிட்டு ஓடப் பழகியிட்டன்."